சிவப்புப் பேவர் கல்லில் பூக்கும் வெள்ளை உப்பு: கரிசல் மண் பட்டறை ஒன்றில் செய்து பார்த்தவை

கோவில்பட்டியை அடுத்த கரிசல் காட்டில் தரையில் பதிக்கும் கான்கிரீட் கற்களான பேவர் பிளாக் வார்க்கும் எங்கள் பட்டறையில், ஐப்பசியிலிருந்து தை வரை வார்க்கும் சிவப்புக் கற்களில் வெள்ளை உப்பு பூப்பது ஆண்டுதோறும் வந்துபோகும் தொல்லையாக இருந்தது. சித்திரை, வைகாசியில் வார்த்த கற்கள் அடுக்கிலேயே மாதக்கணக்கில் கிடந்தாலும் நிறம் மங்குவதில்லை. அதே சிமெண்ட், பாறையை உடைத்துச் செய்யும் அதே எம்-சாண்ட் மணல், அதே சிவப்பு ஆக்சைடு கொண்டு மழைக்காலத்தில் வார்த்தவையோ, வண்டியில் ஏற்றும் முன்பே சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்து நின்றன. வாங்க வருபவர்கள் அதைச் சாயம் போன கல் என்று ஒதுக்கினார்கள். இரும்பு ஆக்சைடு நிறமி வெயிலுக்கும் மழைக்கும் எளிதில் வெளுப்பதில்லை. அதன் மேல் படிந்ததுதான் அதை மறைக்கிறது. இதை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினால் அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கல் காய்ந்ததும் வெள்ளை திரும்பிவிடுவதால், காட்டிய விளக்கம் விற்பனைக்கு உதவவில்லை. ஆகவே, பூத்த பின் துடைப்பதைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, பூக்காமல் வார்ப்பது எப்படி என்று ஒவ்வொரு படியாகச் சோதிக்கத் தொடங்கினோம்.

முதல் வேலை, பூத்திருப்பது எந்த உப்பு என்று தெரிந்துகொள்வது. எங்கள் களத்தில் இரண்டு வகை வெள்ளை இருந்தது. ஒன்று, கல்லின் வண்ண முகம் முழுவதும் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் அழுத்திச் சுரண்டினால்தான் வந்தது. தண்ணீர் பட்டதும் மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் அதே வடிவில் தெரிந்தது. சமையல் வினிகர் ஒரு சொட்டு விட்டபோது சொட்டின் ஓரத்தில் நுண்ணிய குமிழிகள் எழுந்தன. இது கால்சியம் கார்பனேட். மற்றொன்று, தரையைத் தொட்டுக்கொண்டிருந்த அடிவரிசைக் கற்களின் விளிம்பில் மட்டும் பொங்கி நின்ற பொடி. கைவிரலால் தட்டினாலே உதிர்ந்தது, தண்ணீரில் முழுவதும் கரைந்தது, வினிகருக்கு அசையவில்லை. இது சோடியம், பொட்டாசியம் போன்றவற்றின் சல்பேட், குளோரைடு உப்புகள். கட்டட வேலையில் இருப்பவர்கள் நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பதுண்டு. சிமெண்ட் சுண்ணாம்பு காரம் மிகுந்தது என்பதால் அந்தப் பழக்கம் வேண்டாம். ஒரு ஸ்பூன் பொடியைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கினாலே கரைவது எது, அடியில் தங்குவது எது என்று தெரிந்துவிடும்.

இந்த இரண்டும் வந்த வழி வேறு, தீர்க்கும் வழியும் வேறு. அதனால்தான் கடையில் விற்கும் ஏதோ ஒரு திரவத்தை வாங்கிப் பூசிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்களிடம், முதலில் வினிகர் விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

கார்பனேட் படலம் வெளியிலிருந்து வருவது அல்ல. அது சிமெண்டின் பிள்ளை. சிமெண்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீர்த்த சுண்ணாம்பு, துணைப்பொருளாக வெளிவருகிறது. கல்லுக்குள் இருக்கும் நுண்துளைகளில் நிற்கும் தண்ணீரில் இது கரைந்து, தண்ணீர் வெளிமுகத்துக்கு நகரும்போது உடன் வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சுண்ணாம்பு 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1.7 கிராம் கரையும். கார்பனேட் கரைவதோ அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே கரைந்து வந்தது திரும்பக் கரைந்து உள்ளே போவதில்லை, முகத்திலேயே தங்கிவிடுகிறது.

மழைக்காலத்தில் மட்டும் ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கோடையில் கல்லின் உள்ஈரம் வெளிமுகத்தை எட்டும் முன்பே, முகத்துக்குச் சற்று உள்ளே துளைகளிலேயே ஆவியாகிவிடுகிறது. சுண்ணாம்பும் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே படிகிறது. மார்கழிக் குளிரில் ஆவியாவது மெல்ல நடப்பதால் ஈரம் முகம் வரை தொடர்ச்சியாக வந்து நிற்கிறது. போதாக்குறைக்குச் சுண்ணாம்பு வெந்நீரைவிடக் குளிர்ந்த நீரில்தான் கூடுதலாகக் கரையும். அந்தப் பருவத்தில் சிமெண்ட் இறுகுவதும் மெதுவாக நடக்கிறது, துளைகள் அடைபட நாளாகிறது. அதன் மேல் இரவுப் பனி வேறு விழுகிறது.

பட்டறையில் எல்லாரும் முதலில் குற்றம் சொன்னது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை. சவர்த் தண்ணீர் என்பது உண்மைதான். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் அளவில் காட்டியது. கட்டுமானத்துக்கான தண்ணீர் பற்றி இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்லும் வரம்பு, கனிமக் கரைபொருள் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம், சல்பேட் 400 மில்லிகிராம், கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு 2,000 மில்லிகிராம், கம்பி உள்ளதற்கு 500. மீட்டர் மொத்த அளவை மட்டுமே மதிப்பிட்டுச் சொல்லும், எந்த உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது என்பதால் ஆய்வகத்துக்கும் தண்ணீர் கொடுத்தோம். பேவர் கல்லுக்குரிய வரம்புகளுக்குள்தான் இருந்தது, ஆனால் சல்பேட் வரம்பின் ஓரத்தில் நின்றது. அந்த வரம்புகள் வலிமையையும் கம்பியையும் நினைத்து வகுத்தவை, முகத்தின் அழகுக்காக அல்ல என்பதையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு எங்கள் எண்ணத்தைத் திருப்பியது. ஒரு கன மீட்டர் கலவைக்கு 150 லிட்டர் தண்ணீர் என்றால், அந்தத் தண்ணீர் வழியாக உள்ளே போகும் உப்பு 360 கிராம். 60 மி.மீ. கல்லாக வார்த்தால் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ பதினாறரைச் சதுர மீட்டர் பரப்பைத் தரும். சதுர மீட்டருக்கு உப்பு 22 கிராம்தான். அதே ஒரு கன மீட்டரில் 350 கிலோ சிமெண்ட் போகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் முழுதாக இறுகும்போது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது சுண்ணாம்பாக வெளிவரும் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 70 கிலோ; சதுர மீட்டருக்கு நான்கு கிலோவுக்கு மேல். சிவப்பு முகத்தை வெளுக்கச் செய்ய அதில் சில கிராம் வெளியே வந்தால் போதும். தண்ணீரை மாற்றுவதால் அடிவரிசைப் பொடி குறையலாம், முகத்துப் படலம் குறையாது என்று இந்தக் கணக்கு முன்கூட்டியே சொன்னது. பிறகு செய்த சோதனையும் அதையே காட்டியது.

சோதனைக்கு ஐ.எஸ். 3495 பகுதி 3இல் சுட்ட செங்கல்லுக்குச் சொல்லியிருக்கும் முறையை எடுத்துக்கொண்டோம். தட்டில் 25 மி.மீ. ஆழத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, கல்லின் ஒரு முனை அதில் நிற்கும்படி வைத்து, காற்றோட்டமான அறையில் தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்பட்டு ஆவியாகும் வரை விட்டு, மீண்டும் ஒருமுறை அதேபோல் ஊற்றிக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். வெளிமுகத்தில் பத்து சதவீதம் வரை வெள்ளை என்றால் லேசானது, ஐம்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை, அதோடு முகம் பொரிந்து உதிர்ந்தால் மிகக் கடுமை என்பது அதன் வரிசை. இது பேவர் கல்லுக்கான விதிமுறை அல்ல. ஆனால் ஒரே மோல்டில் வார்த்த கற்களை ஒன்றோடொன்று ஒப்பிட மிகவும் பயன்பட்டது. காய்ச்சி வடித்த நீருக்கு எங்கும் அலைய வேண்டாம், மின்கலத்துக்கு ஊற்றும் பேட்டரி வாட்டர் கேனில் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் கல்லின் உப்பா, தண்ணீரின் உப்பா என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் ஆணியால் எழுத்துக் கீறி வைத்தோம். மார்க்கர் பேனா எழுத்து ஈரத்தில் அழிந்துவிடுகிறது.

சோதனைக் கற்களைவிடப் பெரிய தடயம் எங்கள் கண்ணெதிரே தொட்டியில் இருந்தது. மோல்டிலிருந்து எடுத்த கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்து ஊறவிடுவது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். ஓரிரு நாள் அசையாமல் நின்ற தொட்டியைக் காலையில் சாய்வெயிலில் பார்த்தால், தண்ணீரின் மேல் கண்ணாடிச் சில்லுபோல் ஒளிரும் மெல்லிய ஆடை படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் நெளியாது, முறியும். முறிந்த துண்டுகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கல்லைத் தூக்கும்போது அந்த ஆடையைக் கிழித்துக்கொண்டுதான் மேலே வருகிறது. கிழிந்த துண்டுகள் முகத்தில் ஒட்டி, அடுக்கில் காய்ந்து, திட்டுத்திட்டாக நிற்கின்றன. மிக்சர் ஓட்டும் தம்பி ஒருநாள், "அண்ணாச்சி, தண்ணி மேல ஆடை கட்டுதுல்லா, அதுதான் கல்லுல ஒட்டிட்டு வருது, பாருங்க, திட்டு ஓரமெல்லாம் ஒடஞ்ச மாதிரி கூர்மையா இருக்கு" என்று ஒரு கல்லைக் கையில் கொடுத்தார். வினிகர் சொட்டுக்கு அந்தத் திட்டு நன்றாகவே பொங்கியது. தொட்டி நீர் முழுவதும் சுண்ணாம்பு நிறைந்த நீராகிவிட்டதால் மேற்பரப்பில் காற்றுப்படும் இடமெல்லாம் கார்பனேட் உருவாகிறது. நாங்கள் கல்லை ஊறவைக்கிறோம் என்ற பெயரில் அதன் மேல் படலத்தைப் பூசி எடுத்துக்கொண்டிருந்தோம்.

தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றிப் பார்த்ததில் திட்டுகள் குறைந்தன. ஆனால் மாற்றும் புதுத்தண்ணீரோ சுண்ணாம்பு இல்லாத நீர். அது கல்லிலிருந்து இன்னும் கூடுதலான சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் அது கட்டுப்படியும் ஆகாது. எனவே மூழ்க வைப்பதையே கைவிட்டு, ஈரக்காற்றில் வைத்துப் பதப்படுத்தும் முறைக்கு மாறினோம். கொட்டகையின் ஒரு பக்கத்தைத் தார்ப்பாய் கொண்டு மூடி, தரையில் மட்டும் தண்ணீர் நிற்க விட்டு, கற்களை இரும்புச் சட்ட அடுக்குகளில் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, முதல் மூன்று நாள் வெளிக்காற்று புகாமல் வைக்கிறோம். கல் காயவும் கூடாது, அதன் மேல் தண்ணீர் ஓடவும் கூடாது. இப்படிப் பதப்படுத்திய கற்களையும் தொட்டியில் ஊறியவற்றையும் அழுத்த வலிமைக்குச் சோதித்ததில், நாங்கள் வார்க்கும் எம்-35 தரத்துக்கு இரண்டுமே தேறின.

தார்ப்பாய்க் கூடத்துக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. தார்ப்பாயைச் சமமாகக் கட்டினால் பின்னிரவுக் குளிரில் அதன் உட்பக்கம் வியர்த்து, சொட்டு சொட்டாகக் கற்களின் மேல் விழுகிறது. விழுந்த இடங்களில் ஒரு ரூபாய் நாணய அளவில் வெள்ளை வட்டம், வட்டத்தின் நடுவில் சிவப்பு. சொட்டு விழுந்து பரவி ஓரத்தில் காயும்போது கரைந்த சுண்ணாம்பை ஓரத்துக்குத் தள்ளுவதால் வருவது இது. நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரிவாக இழுத்துக் கட்டிய பிறகு வியர்வை சரிவில் வழிந்து சுவரோரம் இறங்குகிறது, வட்டங்கள் நின்றுவிட்டன.

தொட்டியை நிறுத்தியதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் வந்தது. சுண்ணாம்பு நிறைந்த நீரின் கார அளவு பி.எச். 12க்கு மேல். கல் தூக்கும் பெண்களின் விரல் நுனியில் தோல் தேய்ந்து புண்ணாவதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கையுறை வாங்கிக் கொடுத்தாலும் ஈரக்கல் வழுக்குகிறது என்று கழற்றிவிடுவார்கள். இப்போது உலர்ந்த கல்லைக் கையுறையோடு எடுக்க முடிகிறது. வெள்ளை உப்பு குறையாமல் போயிருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே தொட்டியை மூடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது கலவை. எங்கள் கல் இரண்டு அடுக்கு. மோல்டின் அடியில் பத்து மி.மீ. வண்ணக் கலவை, அதன் மேல் கிரஷர் பவுடரும் 6 மி.மீ. ஜல்லியும் சேர்ந்த அடிக்கலவை. முகம் பளபளக்க வேண்டும் என்று வண்ண அடுக்கில் சிமெண்டைத் தாராளமாகப் போடுவது தொழிலில் பரவலான பழக்கம். சிமெண்ட் கூடினால் சுண்ணாம்பும் கூடும் என்பதால் ஒன்றுக்கு ஒன்றரை என்றிருந்த சிமெண்ட், மணல் விகிதத்தை ஒன்றுக்கு இரண்டாக்கினோம். பளபளப்பு மோல்டின் வழவழப்பிலிருந்து வருவது. சிமெண்டைக் குறைத்ததால் அது போகவில்லை. மணலில் 150 மைக்ரானுக்கும் நுண்ணிய தூசி எவ்வளவு என்பதே அதைவிட முக்கியமாக இருந்தது. தூசி மிகுந்த எம்-சாண்ட் தண்ணீரை இழுக்கிறது, கூடுதல் தண்ணீர் ஆவியாகும்போது துளையை விட்டுச் செல்கிறது. கழுவிய மணலும், கலவையின் நீரைக் குறைக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரும் சேர்ந்து, சிமெண்ட் எடைக்குத் தண்ணீர் 0.38 என்ற அளவில் வார்க்க முடிந்தது. கடையில் பெயரில்லாத கேனில் ஹார்ட்னர் என்று விற்பதை வாங்குபவர்கள் அதில் குளோரைடு இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். பேவர் கல்லில் கம்பி இல்லை என்றாலும், கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கல்லை நெடுநாள் நனைந்த நிலையிலேயே வைத்திருக்கும்.

ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரி எரிந்த நுண்சாம்பல், பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் எங்களுக்குப் பக்கம்; ஐ.எஸ். 3812க்கு உட்பட்ட நுண்சாம்பல் கிடைப்பதில் சிரமமில்லை. சாம்பலில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்ட் தருவதைப் போன்ற பிணைப்புப் பொருளாக மாறுகிறது. அதாவது பூக்கப்போகும் சுண்ணாம்பைக் கல்லுக்குள்ளேயே வலிமையாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் இந்த வேலை மெல்ல நடப்பது. சாம்பல் சேர்த்துவிட்டோம், இனிப் பூக்காது என்று ஒரு வாரத்தில் கல்லை வெளியே எடுத்து மழையில் நனைய விட்டால், சுண்ணாம்பில் பெரும்பகுதி இன்னும் அப்படியே கரையக் காத்திருக்கும். எங்கள் தட்டுச் சோதனையில், வார்த்து ஒரு வாரமான கற்களில் சாம்பல் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. நிழலில் ஒரு மாதம் இருந்த கற்களில் வேறுபாட்டைத் தள்ளி நின்றே பார்க்க முடிந்தது, சாம்பல் இல்லாதது நடுத்தரம், இருபத்தைந்து சதவீதம் சாம்பல் உள்ளது லேசு. சாம்பலோடு காலமும் சேர்ந்தால்தான் மருந்து வேலை செய்கிறது.

விலையும் உண்டு. குளிர்காலத்தில் சாம்பல் கலவை இறுகத் தாமதமாகும். மறுநாள் காலையில் மோல்டைக் கழற்றினால் முனை உதிர்கிறது, மாலை வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. அதற்கேற்ப மோல்டுகள் கூடுதலாக வேண்டும். சாம்பலைத் தனியாக வாங்கிக் கலக்க வசதியில்லாதவர்கள் அடிக்கலவைக்குப் பிபிசி சிமெண்ட் வாங்கினால் அதிலேயே பதினைந்து முதல் முப்பத்தைந்து சதவீதம் வரை சாம்பல் சேர்ந்துதான் வருகிறது. அதன் மேல் மீண்டும் சாம்பலைக் கொட்ட வேண்டாம்.

தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்கும் கால்சியம் ஸ்டியரேட் பொடியையும் வண்ண அடுக்கில் சிமெண்ட் எடையில் அரை சதவீதம் சேர்த்துப் பார்த்தோம். இந்தப் பொடி தண்ணீரை விரும்பாது; தண்ணீர் ஊற்றிய கலவையில் போட்டால் மேலே மிதந்து கட்டிகட்டியாக நிற்கும். சிமெண்டும் நிறமியும் உலர்ந்த நிலையில் சுழலும்போதே போட்டு நன்றாகக் கலந்த பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். மழைத்துளி முகத்தில் முத்தாக உருண்டு நின்றதைப் பார்த்தபோது எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். அளவை ஒரு சதவீதமாகக் கூட்டியபோது வண்ண அடுக்கு அடிக்கலவையோடு சரியாக ஒட்டாமல், சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் தகடாகப் பெயர்ந்தது. அரை சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டோம். இது மேலிருந்து வரும் மழைக்குக் காப்பு. கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு இதை நம்பக் கூடாது.

மழைநீர்ச் சேமிப்பும் இதற்குள் பட்டறைக்கு வந்தது. கொட்டகைக் கூரை 200 சதுர மீட்டர், 10 மி.மீ. மழைக்கு 2,000 லிட்டர் விழும். வண்ண அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கூடத் தேவைப்படாது என்பதால், அந்த ஒரு மழை அறுநூறு சதுர மீட்டருக்கு மேல் கல்லின் முகத்துக்குப் போதும். கணக்கு சொன்னபடியே, மழைநீரில் வார்த்ததும் பொங்கும் பொடி நின்றது, முகத்துப் படலத்துக்கு அது தீர்வாகவில்லை. அடிக்கலவைக்கு இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான்.

அடுக்கி வைப்பதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. கற்களை முகத்தோடு முகம் ஒட்ட அடுக்கினால் இடையில் மாட்டிக்கொண்ட ஈரம் போக வழியின்றிப் படலம் வருகிறது; இடையில் பிவிசி பட்டித் துண்டு வைத்தால் காற்று போகிறது. அடிவரிசைக்குக் கீழே மரப்பலகை வேண்டும், கரிசல் மண் நேராகக் கல்லைத் தொடக் கூடாது. அடுக்கின் தலையை மட்டும் மூட வேண்டும். சுற்றிலும் பாலிதீன் சுற்றி அழகாகக் கட்டி அனுப்பும் வழக்கம் மழைக்காலத்தில் கல்லுக்கு ஆகாது.

களத்தில் நன்றாக இருந்த கல், பதித்த பின் வாசலில் பூப்பதும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கல் அல்ல, அதற்குக் கீழே இருப்பது. எங்கள் பக்கத்தில் பேவர் பதிப்பவர்கள், கல் ஆடாமல் இருக்கட்டும் என்று கிரஷர் பவுடரில் சிமெண்டைக் கலந்து பரப்பிவிட்டு அதன் மேல் கல்லை வைக்கிறார்கள். மழைநீர் இடைவெளி வழியாக இறங்கி, அந்தச் சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, வெயில் அடித்ததும் அதே இடைவெளி வழியாக மேலே வருகிறது. கற்களின் நடுப்பகுதி சிவப்பாக இருக்க நான்கு விளிம்பிலும் சட்டம் போட்டது போல் வெள்ளை தெரிந்தால் படுகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். கரிசல் மண்ணில் ஜிப்சம் கலந்திருக்கும் இடங்களில் சல்பேட்டும் ஏறுகிறது. நாங்கள் இப்போது பதித்துக் கொடுக்கும் இடங்களில், இறுக்கிய மண்ணின் மேல் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன் மேல் ஜல்லித் தளமும், கல்லுக்கு நேர் கீழே சிமெண்ட் கலக்காத கழுவிய 6 மி.மீ. சிப்ஸும் போடுகிறோம். சிப்ஸின் பெரிய இடைவெளிகளில் ஈரம் ஊர்ந்து ஏற முடியாது. மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. வாட்டமும், தண்ணீர் வெளியேற ஓரத்தில் வழியும் அவசியம். கல் ஆடாமல் இருப்பது ஓரத்தில் கட்டும் கெர்ப் கல்லாலும் இடைவெளியில் நிரப்பும் மணலாலும்தான். அடியில் போடும் சிமெண்டால் அல்ல.

ஏற்கெனவே பூத்த கற்களை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில், அவசரம் வேண்டாம் என்பதுதான். கரியமில வாயு கரைந்த மழைநீர் கார்பனேட்டை மெல்ல மெல்லக் கரையும் பைகார்பனேட்டாக மாற்றிக் கழுவிவிடும். கல்லுக்குள் சுண்ணாம்பு வெளியேறுவதும் காலப்போக்கில் ஓய்ந்துவிடும். ஓரிரு மழைக்காலம் பொறுக்க முடிந்தவர்கள் பொறுக்கலாம். பொறுக்க முடியாதவர்கள், வெயில் காய்ந்த நாளில் தண்ணீர் படாமல் தென்னை நார் பிரஷ்ஷாலோ நைலான் பிரஷ்ஷாலோ தேய்த்து, உதிர்ந்த பொடியைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அள்ளாமல் தண்ணீர் விட்டால் கரைந்த உப்பு திரும்பவும் கல்லுக்குள்ளேயே போகும். கம்பி பிரஷ் முகத்தைக் கீறும், அறுந்த கம்பித் துண்டு துருவாகத் தங்கும்.

இதற்கும் அசையாத படலத்துக்கு மட்டும் சல்பாமிக் அமிலம், லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அளவில் கரைத்துப் பயன்படுத்துகிறோம். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, தண்ணீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கல்லை முதலில் நன்றாக நனைத்துத் துளைகளை நிரப்பிவிட்டால் அமிலம் உள்ளே இழுபடாமல் மேலேயே வேலை செய்யும். ஒரு மூலையில் நான்கு கல்லில் செய்து, காயவிட்டு, நிறத்தைப் பார்த்த பின்பே மற்றவற்றில் கை வைக்க வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அப்படியே ஊற்றித் தேய்ப்பது பலரும் செய்வது. படலத்தோடு சேர்த்துச் சிமெண்ட் முகத்தையும் அது தின்றுவிடுவதால் நிறமி கழன்று, மணல் பருக்கை வெளியே தெரிந்து, கல் முன்னைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். அமிலத்தை முறிக்கச் சலவைச் சோடா போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது புதிதாகச் சோடியம் உப்பைக் கல்லுக்குக் கொடுப்பதாகும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசுவதே சரி. சவர்த் தண்ணீரில் அலசினால் அலசியதன் தடமே வெள்ளையாக நிற்கும். அலசும் நீர் செடிகளின் வேருக்குப் போகாமல் திருப்பிவிடவும் வேண்டும்.

மேற்பூச்சு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஆவியை வெளியே விடும் சைலேன்–சைலாக்சேன் வகையை, கல் முழுதாக உலர்ந்த கோடையில் மட்டும் அடித்துத் தருகிறோம். பளபளக்கும் அக்ரிலிக் வார்னிஷை ஈரக்கல்லில் அடித்தால் வெள்ளை அதன் அடியில் மாட்டிக்கொண்டு, பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் எட்டாது.

இந்த மழைக்காலத்தில் வார்த்த சிவப்புக் கற்கள் தட்டுச் சோதனையில் வெள்ளையே தெரியாத நிலையிலோ லேசு என்ற நிலையிலோ இருக்கின்றன. கறுப்பு இன்னும் தொல்லை தருகிறது. அந்த நிறத்தின் மேல் மிகச் சிறிய படலமும் தெரிந்துவிடும். மஞ்சளில் சிக்கல் வேறு விதம்: ஃப்ளை ஆஷின் சாம்பல் நிறம் மஞ்சளை அழுக்காக்குகிறது. அதற்காக மஞ்சள் முகத்தில் மட்டும், வெண்ணிறமுள்ளதும் சுண்ணாம்போடு சாம்பலைவிட விரைந்து சேர்வதுமான மெட்டாகயோலின் என்னும் சுட்ட களிமண் பொடியைச் சிமெண்டில் எட்டு சதவீதத்துக்கு மாற்றாகப் போட்டு வார்த்திருக்கிறோம். தண்ணீரை அது கூடுதலாகக் கேட்கிறது, சூப்பர் பிளாஸ்டிசைசரைச் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது. விலை சிமெண்டைப் போலப் பல மடங்கு என்றாலும், பத்து மி.மீ. முகத்துக்கு மட்டும் போவதால் கல்லின் விலையில் பெரிதாக ஏறவில்லை. அந்தக் கற்கள் இப்போது நிழலில் இருக்கின்றன. ஒரு மாதம் முடிந்ததும் பேட்டரி வாட்டர் தட்டில் ஏறும்.